அம்பாளா, ஆண்டாளா? கடைக்குப் போர்டு மாட்டும் முன் புதுச்சேரி வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

புதுச்சேரியில் கடைக்குப் பெயர் வைப்பது மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் சிக்கலான வேலை. நேரு வீதியிலோ மிஷன் வீதியிலோ கடை திறந்தால் போர்டில் தமிழ் வேண்டும். வெளியூர்க்காரர்களுக்காக ஆங்கிலம் வேண்டும். ஒயிட் டவுன் பக்கம் என்றால் ஒரு பிரெஞ்சு வார்த்தையும் இருந்தால்தான் களை கட்டும். வார இறுதியில் பெங்களூரிலிருந்து வருகிறவர் அந்தப் பெயரை ஒரு மாதிரி படிப்பார், ஆட்டோ ஓட்டுநர் வேறு மாதிரி சொல்வார், பக்கத்துக் கடைக்காரர் தன் வசதிக்குச் சுருக்கிவிடுவார். ஒரே கடை, மூன்று பெயர்!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், வக்கீல் நோட்டீஸ் வரும்வரை. கடை சூடுபிடித்து, இரண்டாவது கிளைக்கு இடம் பார்க்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் அது வரும். 'இந்தப் பெயர் எங்களுடையது, போர்டை இறக்குங்கள், அச்சடித்த கவர்களை அழித்துவிடுங்கள், இதுவரை பார்த்த லாபத்துக்குக் கணக்குக் கொடுங்கள்' என்ற ரீதியில் இருக்கும். நகையை அடகு வைத்துக் கடை போட்ட குடும்பத்துக்கு இது சாதாரண அடி அல்ல. வாடிக்கையாளருக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும்தானே?

'எங்ககிட்ட ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கு, நகராட்சி லைசென்ஸ் இருக்கு' என்பதுதான் உடனே வரும் பதில். எல்லாம் தேவைதான். ஆனால் இவை எதுவும் பெயருக்கான பட்டா அல்ல. வரி கட்டவும், உணவு விற்கவும், கடை நடத்தவும் தரப்படும் அனுமதிகள் அவை. கம்பெனியாகப் பதிவு செய்திருந்தாலும் இதே கதைதான். பெயருக்குப் பட்டா தருவது டிரேட்மார்க் பதிவு ஒன்றுதான்.

மூக்குப்பொடியில் வந்த வழக்கு

'நம்ம பெயர் வேற, அவங்க பெயர் வேற. எழுத்தே மாறுதே' என்று நினைப்பவர்கள் ஒரு பழைய சென்னை வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு இது.

சென்னையில் 'ஸ்ரீ அம்பாள்' என்ற பெயரில் மூக்குப்பொடி விற்றுவந்தது ஸ்ரீ அம்பாள் அண்ட் கோ. பெயரையும், அம்மன் படம் போட்ட லேபிளையும் முறையாகப் பதிவு செய்து வைத்திருந்தது. அதே சென்னையில் மூக்குப்பொடி வியாபாரம் செய்த கே.ஆர்.சின்னகிருஷ்ண செட்டியார், 1958-ம் ஆண்டு மார்ச் மாதம் தன்னுடைய லேபிளைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். அதில் இருந்த பெயர், 'ஸ்ரீ ஆண்டாள்'. நடுவில் ஆண்டாள் படம், இரு பக்கமும் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், தேவநாகரி எழுத்துகளில் பெயர். அம்பாள் நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்தது.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள்? 'அம்பாள் சிவனோட சம்சாரம், ஆண்டாள் பெருமாளைப் பாடினவங்க. இதைப் போய் யாராவது குழப்பிக்குவாங்களா?' செட்டியார் தரப்பு வாதமும் ஏறக்குறைய இதுதான். படமும் ஒன்றுபோல் இல்லை. யாரும் குழம்பிப் போய் மாற்றி வாங்கியதாகச் சாட்சியமும் இல்லை.

விவகாரம் பதிவாளர் அலுவலகத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969-ல் தீர்ப்பு வந்தபோது, ஆண்டாளுக்குப் பதிவு கிடையாது என்று முடிந்தது. கண்ணால் பார்த்தால் இரண்டு லேபிள்களுக்கும் ஒற்றுமை இல்லை என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால், கண் மட்டும் போதாது, காதால் கேட்டும் பார்க்க வேண்டும் என்றது. கடையில் போய்ப் பெயர் சொல்லிக் கேட்கும்போது 'அம்பாள்', 'ஆண்டாள்' இரண்டும் மிக நெருக்கமாக ஒலிக்கின்றன. மூக்குப்பொடி வாங்க வருகிறவரின் நினைவில் இருப்பது அந்தச் சத்தமும், ஏதோ ஓர் அம்மன் படம் என்ற மங்கலான ஞாபகமும்தான். சைவமா வைணவமா என்ற நுணுக்கத்தை அவர் அந்த நேரத்தில் யோசிக்கப் போவதில்லை.

ஒரு லேபிளுக்காக 11 ஆண்டுகள். அத்தனை ஆண்டு வக்கீல் செலவை நினைத்தால், தொடக்கத்திலேயே வேறு பெயர் யோசித்திருக்கலாமே என்று இன்று படிக்கும்போது தோன்றத்தான் செய்கிறது.

இரண்டு லேபிள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கும் போட்டியல்ல இது. சுமாரான ஞாபகசக்தி உள்ள சாதாரண வாடிக்கையாளர், ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்றை வாங்கிவிடுவாரா என்பதே கேள்வி. மூன்று மொழிகளில் பெயர் புழங்கும் புதுச்சேரிக்கு இது ரொம்பவே பொருந்தும். பிரெஞ்சில் நான்கு எழுத்து அதிகமாக இருக்கலாம். ஆட்டோ ஓட்டுநர் வாயில் இரண்டு கடைப் பெயரும் ஒன்றாக ஒலித்தால் சிக்கல்தான்.

மத்திய அரசின் டிரேட்மார்க் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பலர் பெயரை அப்படியே தட்டச்சு செய்து, 'எதுவும் வரலை' என்று திருப்தியாகிவிடுகிறார்கள். ஒலி அடிப்படையில் தேடும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதில் பார்த்தால்தான் உங்கள் 'ஆண்டாளு'க்கு முன்னால் ஓர் 'அம்பாள்' இருப்பது தெரியும். தமிழிலோ வேறு எழுத்திலோ பெயர் இருந்தால், அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எப்படி எழுதுவது, என்ன அர்த்தம் என்பதை விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும் என்பது விதி.

எல்லாப் பெயரும் கிடைக்காது

'பாண்டிச்சேரி பேக்கரி' என்று வைத்துவிட்டு, இனி வேறு யாரும் அந்தப் பெயரைத் தொடக் கூடாது என்று சொல்ல முடியுமா? கஷ்டம். ஊர்ப் பெயர், பொருளின் பெயர், தரத்தைச் சொல்லும் 'சூப்பர்', 'ஃபிரெஷ்' போன்ற வார்த்தைகள் எல்லாம் பொதுச் சொத்து. பல ஆண்டு பயன்பாட்டில் 'அந்தப் பெயர் என்றாலே இந்தக் கடைதான்' என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டதற்கு ஆதாரம் காட்டினால் மட்டும் கதை மாறலாம். ரொட்டிக் கடை என்பதைப் பிரெஞ்சில் எழுதிவிட்டால் தனித்தன்மை வந்துவிடும் என்று நம்புவதும் ஆபத்து. பிரெஞ்சு தெரிந்தவர்கள் நிறைந்த ஊர் இது.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா' என்று போட்ட ஐ.டி.சி., 'மேஜிக்கல் மசாலா' என்று போட்ட நெஸ்லே மீது வழக்குத் தொடுத்தது. இப்படிப்பட்ட சாதாரண வார்த்தைக்குத் தனி உரிமை கொண்டாட முடியாது என்று 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஊதுபத்தி, வாசனைப் பொருள்கள் புதுச்சேரிக்குப் பழக்கமான தொழில். அதில் இருப்பவர்கள் 2015-ல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பார்க்க வேண்டும். 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்கு ஒருவர் தனக்கு மட்டும் சொந்தம் என்று கேட்டார். புனித நூலின் பெயரை அப்படித் தனிநபர் எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. பல வியாபாரிகள் ஏற்கெனவே அந்தப் பெயரைப் பயன்படுத்தி வந்ததும் கவனத்தில் கொள்ளப்பட்டது.

புதுச்சேரியில் வீதிக்கு வீதி தென்படும் 'ஆரோ' என்ற முன்னொட்டும் யோசிக்க வேண்டியதே. ஸ்ரீ அரவிந்தரின் பெயரிலிருந்து வந்த அந்த இரண்டெழுத்தை நம்பிப் பெயர் வைத்தால், பத்தோடு பதினொன்றாகத்தான் தெரியும். 1978-ல் தொடங்கிய புதுச்சேரியின் தோல் பை நிறுவனம் 'ஹைடிசைன்' நல்ல எதிர் உதாரணம். ஆங்கிலத்தில் தோலைக் குறிக்கும் 'ஹைட்' அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆனாலும் 'தோல் பைக் கடை' என்று நேராகச் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பெயர்களைக் காப்பாற்றுவது சுலபம்.

பால் வேறு, ஹோட்டல் வேறு

பெயரைப் பதிவு செய்தால் எல்லாப் பொருளுக்கும் சேர்த்துக் கிடைத்துவிடாது. மொத்தம் 45 வகுப்புகள் உண்டு. ரொட்டி, கேக், காபித்தூள் 30-வது வகுப்பு. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல் 43. ஊதுபத்தி 3, தோல் பை 18, ஆயத்த ஆடை 25. கேக் செய்து பாக்கெட் போட்டும் விற்கிறோம், கஃபேயும் நடத்துகிறோம் என்றால் இரண்டு வகுப்பு எடுக்க வேண்டும்.

கர்நாடகாவின் 'நந்தினி' பால் எல்லோருக்கும் தெரியும். 1985 முதல் அந்தப் பெயர் பயன்பாட்டில் இருக்கிறது. 1989-ல் பெங்களூரில் தொடங்கிய 'நந்தினி' என்ற ஹோட்டல் பெயரைப் பதிவு செய்யக் கேட்டபோது, பால் கூட்டமைப்பு எதிர்த்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஹோட்டலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, பாலும் பால் பொருள்களும் நீங்கலாக. தொழில் வேறு, லோகோ வேறு, வாடிக்கையாளர் குழம்ப மாட்டார் என்பதே காரணம். ஆண்டாள் தோற்ற இடம் இதுதான். இரண்டுமே மூக்குப்பொடி.

செலவும் காலமும்

ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குத் தனிநபர், ஸ்டார்ட்-அப், சிறு நிறுவனங்களுக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். வக்கீல் அல்லது ஏஜென்ட் கட்டணம் தனி. புதுச்சேரி, சென்னை கிண்டியில் இருக்கும் டிரேட்மார்க் பதிவு அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. ஆன்லைன் என்பதால் ஈ.சி.ஆரில் பஸ் ஏற வேண்டியதில்லை.

விண்ணப்பத்தை ஆய்வு செய்து அதிகாரிகள் ஆட்சேபம் எழுப்பினால், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பிறகு டிரேட்மார்க் இதழில் வெளியாகும். அதிலிருந்து 4 மாதங்களுக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு. எதிர்ப்பு வந்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், தொடர்ந்து புதுப்பிக்கலாம். விண்ணப்பித்த நாளிலிருந்தே பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவான பிறகுதான். முன்கூட்டியே போட்டால் அபராதம்.

பதிவு செய்யாதவர்கள் கதி?

தாத்தா காலத்திலிருந்து ஒரே பெயரில் கடை நடக்கிறது, பதிவு மட்டும் செய்யவில்லை என்றால் பயப்பட வேண்டாம். எதிராளி அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கியதற்கும் பதிவு செய்ததற்கும் முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருகிறீர்கள் என்றால், அவர் உங்களைத் தடுக்க முடியாது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். பழைய பில் புத்தகம், செய்தித்தாள் விளம்பரம், தேதி தெரியும் கடைத் திறப்பு அழைப்பிதழ்... பரணில் இருக்கும் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பதிவு இருந்தால் இன்னொரு பெரிய வசதி உண்டு. பெங்களூரில் ஒருவர் உங்கள் பெயரைக் காப்பி அடித்தால், நீங்கள் தொழில் நடத்தும் புதுச்சேரியிலேயே வழக்குப் போடலாம். பதிவில்லாத பெயருக்கு இந்தச் சலுகை கிடையாது, பொதுவாக எதிராளி இருக்கும் இடத்துக்கோ பிரச்னை நடந்த இடத்துக்கோ அலைய வேண்டும். இதையே திருப்பிப் பாருங்கள். மும்பை நிறுவனம் ஒன்று தன் பதிவை வைத்துக்கொண்டு உங்களை மும்பை கோர்ட்டுக்கு இழுக்க முடியும். நோட்டீஸைக் குப்பையில் போட்டுவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை வரவும் வாய்ப்பு உண்டு.

நகல் கடையைப் பார்த்தும் 'போகட்டும், அவனும் பிழைக்கட்டும்' என்று விடுகிற நல்ல மனசுக்காரர்களுக்கு ஒரு தகவல். பின்னால் வந்தவர் தன் பெயரையும் பதிவு செய்துகொண்டு, அது தெரிந்தும் நீங்கள் தொடர்ந்து 5 ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டால், அதன் பிறகு எதிர்க்கும் உரிமை போய்விடும், அவர் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்திருந்தால் தவிர.

யார் பெயரில்?

வீட்டில் பேசிக்கொள்ளத் தயங்கும் கேள்வி இது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் கடைக்கு, கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி தன் பெயரில் விண்ணப்பித்துவிடுவார். சட்டத்தின் கண்ணில் முதலாளி தம்பிதான். நாளை பிரிய நேர்ந்தால், அடுப்பையும் மேசையையும் பங்கு போட்டுக்கொள்ளலாம், பெயரை வெட்ட முடியாது. கூட்டு நிறுவனத்தின் பெயரிலேயே விண்ணப்பித்து, பிரிந்தால் பெயர் யாருக்கு என்பதையும் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடலாம். டிரேட்மார்க்கை விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம், உயிலில்கூடச் சேர்க்கலாம். லோகோ வரைந்து கொடுத்த டிசைனரிடமும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பணம் கொடுத்ததாலேயே படத்தின் காப்புரிமை தானாக வந்துவிடாது.

விண்ணப்பத்தில் ஏஜென்டின் இமெயிலும் போன் நம்பரும் மட்டும் இருந்தால் அரசு அனுப்பும் கடிதமெல்லாம் அவருக்குத்தான் போகும். அவர் பார்க்காமல் விட்டு, ஆட்சேபத்துக்கான ஒரு மாதக் கெடு தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடலாம். விண்ணப்ப எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை இணையதளத்தில் நிலவரத்தை நீங்களே பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.