ஐ.டி.ஐ.யில் படிக்கும் 'அண்ணன்'களை வாட்டும் மன அழுத்தம்: 4 நாள் வரலைன்னா சும்மா விடாதீங்க!

கிருஷ்ணகிரி,-

முதல் நாள் வகுப்புக்குள் நுழையும்போதே சங்கடம் ஆரம்பம். புது வாத்தியார் வந்துட்டார் என்று நினைத்து பசங்க எழுந்து நின்று 'வணக்கம் சார்' போடுகிறார்கள். வந்தவரோ 34 வயதில் பிட்டர் படிக்க வந்த மாணவர். வகுப்பே சிரிக்கிறது. அவரும் சிரித்து சமாளிக்கிறார். ராத்திரி தூக்கம் வராமல் புரள்வது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு வயது உச்சவரம்பே கிடையாது. ஓசூர் சிப்காட் கம்பெனிகளை மனதில் வைத்து படிக்க வரும் இந்த 'அண்ணன்', 'அக்கா'க்களில் பலவிதம். பல வருஷம் ஹெல்ப்பராகவே இருந்து, 'சர்டிபிகேட் இல்லை' என்று சம்பளம் ஏறாதவர் ஒருவர். பிள்ளைகளை பள்ளிக்கு அனுப்பிவிட்டு படிக்க வரும் அம்மா இன்னொருவர்.

17 வயசு பையனுக்கு பரீட்சை போனால் வீட்டில் திட்டு விழும். அவ்வளவுதான். இவர்களுக்கு அப்படி இல்லை. வந்துகொண்டிருந்த கூலியை விட்டுவிட்டு, பிட்டர், எலக்ட்ரீசியன் என்றால் முழுசாக 2 வருஷம் படிக்க வேண்டும். கையில் வருவது மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. வீட்டு வாடகைக்கே காணாது. அதனால் ராத்திரி வாட்ச்மேன் வேலை, ஓட்டல் வேலை என்று போய்விட்டு, கண் எரிய எரிய காலையில் லேத் முன்னால் நிற்கிறார்கள். இது மனசுக்கு மட்டுமல்ல, கை விரலுக்கும் ஆபத்து.

பள்ளியை விட்டு 15 வருஷம் கழித்து வரைபடமும் கணக்கும் மிரட்டும். எழுத்துத் தேர்வு இப்போது கம்ப்யூட்டரில். மவுசையே தொடாதவருக்கு அது தனி பயம். இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் கேட்கிற 'இந்த வயசுல படிச்சு கலெக்டர் ஆகப்போறியா?' என்ற நக்கல் வேறு.

அறிகுறி என்ன?

'எனக்கு மனசு சரியில்லை' என்று இவர்கள் வாய் திறந்து சொல்வது அபூர்வம். தலைவலி, வயிற்றுவலி என்பார்கள். முன் பெஞ்சில் இருந்தவர் கடைசி பெஞ்சுக்கு போவார். சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவார். சாப்பாடு குறையும், குடி கூடும். அப்புறம் ஒருநாள் லீவு, இரண்டு நாள் லீவு. கடைசியில் ஆளையே காணோம். 'குடும்பஸ்தன், முடியலை, நின்னுட்டார்' என்று ரிஜிஸ்டரை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

சோர்வும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் 2 வாரம் விடாமல் இருந்தால் அது சோம்பேறித்தனம் அல்ல, டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்பதால், 'தானாக சரியாகிடும்' என்று காத்திருந்தால் படிப்பும் போய்விடும்.

எனவே 4 நாள் ஆள் வரவில்லையா, பயிற்றுநரோ பக்கத்து மிஷின்காரரோ ஒரு போன் போடலாம். 'ஏன் லீவு?' என்று அதட்ட வேண்டாம். 'அண்ணே, தூக்கம் வருதா? வீட்டுல என்ன கஷ்டம்?' என்று கேட்டால் போதும். ரொம்ப விரக்தியாக பேசினால், 'சாகணும்னு தோணுதாண்ணே?' என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தப்பு. கேட்டால்தான் மனசில் உள்ளது வெளியே வரும். 'ஆமாம்' என்று பதில் வந்தால் தனியாக விடக்கூடாது. வீட்டில் இருக்கும் பூச்சி மருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்த வேண்டும். அவசரம் என்றால் 108.

காசு வேண்டாம்

14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. கட்டணம் கிடையாது. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் இணைப்பார். நேரில் போக நினைப்பவர்கள் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காலையில் ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவுக்கு போகலாம். மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கி போடும் வேலை மட்டும் வேண்டாம்.

'விஷயம் வெளியே தெரிஞ்சா கம்பெனியில் வேலை தருவானா?' இந்த பயம்தான் பலரை ஆஸ்பத்திரி வாசலோடு திருப்பி அனுப்புகிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு தந்துள்ள உரிமை. ஐ.டி.ஐ. சான்றிதழில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட வராது.

டாக்டர் மன அழுத்தத்துக்கு மாத்திரை எழுதினால் பலன் தெரிய சில வாரம் ஆகும். 'நாலு நாள் போட்டேன், ஒண்ணும் கேட்கலை' என்று நாமாகவே நிறுத்தக்கூடாது. அந்த நாட்களில் ராத்திரி வேலையை குறைக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது. தூக்கம் இல்லாமல் வந்தால் அன்றைக்கு லேத்தில் நிற்காமல் வேறு வேலை கேட்கலாம். அதை கேட்க கூச்சப்பட வேண்டியதில்லை.

திரும்பி வருபவரை 'என்னண்ணே, ஓடிட்டீங்கன்னு நினைச்சோம்' என்று கிண்டல் பண்ணாமல், விட்டுப்போன வரைபட நோட்டை கொடுத்து பக்கத்தில் உட்கார வைத்தால் போதும். கம்ப்யூட்டர் பயத்துக்கு மருந்தும் அந்த 17 வயசு பசங்ககிட்டேயே இருக்கு. மத்தியான சாப்பாட்டு நேரத்தில் 10 நிமிஷம் மவுசை பிடிக்க சொல்லித்தந்தால், பதிலுக்கு அண்ணன் அரம் போடும் நெளிவுசுளிவை சொல்லித்தருவார்.