வசந்தம் திடீரென்று ஏன் வரவில்லை? வீட்டு அன்டெனா: சந்தேகங்களும் விளக்கங்களும்

தோ பாயோவில் நாலாவது மாடியில் குடியிருக்கும் என் பெரியம்மாவுக்கு வசந்தம் ஒளிவழி வீட்டு மனுஷி மாதிரி. காலையில் எழுந்ததும் அதைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். போன தீபாவளிக்கு முந்தின வாரம் அது காணாமல் போனது. ஒளிவழி 8 வந்தது, சிஎன்ஏ வந்தது. வசந்தத்துக்குப் போனால் மட்டும் ‘சிக்னல் இல்லை’. யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறார். நான்காம் நாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். தீபாவளிக்கு வீட்டைத் துடைத்தபோது ஜன்னலோரம் இருந்த அன்டெனாவை எடுத்து, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அதை ஒட்டினாற்போல் முறுக்கு நிரப்பிய பெரிய தகர டின். அன்டெனாவைப் பழைய இடத்தில் வைத்த அரை நிமிடத்தில் வசந்தம் வந்துவிட்டது. அதற்குள் ஒரு கடையில் அவருக்குப் புதிய பெட்டியே வாங்கச் சொல்லி ஆலோசனை கொடுத்திருந்தார்கள். அவரைப்போல் தவிக்கும் மூத்தவர்கள் நிறையப் பேர் என்பதால், என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அன்டெனா வைத்துப் பார்ப்பதற்குக் கட்டணம் உண்டா? உரிமம் எடுக்க வேண்டுமா?

இரண்டும் இல்லை. ஒளிவழி 5, ஒளிவழி 8, ஒளிவழி யு, சூரியா, வசந்தம், சிஎன்ஏ ஆகிய ஆறும் காற்றில் இலவசமாக வருகின்றன. முன்பு தொலைக்காட்சி வைத்திருக்கும் வீடுகள் ஆண்டுக்கு 110 வெள்ளி உரிமக் கட்டணம் செலுத்தின. 2011 வரவுசெலவுத் திட்டத்தில் அது நீக்கப்பட்டது. அந்தப் பழைய நினைவில் இன்றும் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயங்க வேண்டாம்.

சுவரில் டிவிக்கென்று ஒரு துளை இருக்கிறதே, அதில் செருகினால் போதாதா?

பெரும்பாலான வீவக வீடுகளில் போதாது. பல ஆண்டுகளாக அந்தத் துளை வழியாகக் கேபிள் வந்தது. மாதச் சந்தா கட்டாதவர்களுக்கும் இலவச ஒளிவழிகள் அதில் கிடைத்தன. அதனால் ஒரு தலைமுறையே அன்டெனாவை மறந்துவிட்டது. பிறகு இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. 2013 டிசம்பரில் தொடங்கிய மின்னிலக்க ஒளிபரப்பு முழுமையாக இடம் பிடித்தபின், 2019 பிறந்ததும் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அதே 2019இல் கேபிள் சேவையும் முடிவுக்கு வந்தது. சுவர்த் துளை அப்படியே இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

கூட்டுரிமை வீட்டில் இருப்பவர்கள் மட்டும் நிர்வாக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில கட்டடங்களில் மொட்டைமாடியில் பொது அன்டெனா வைத்து எல்லா வீட்டுக்கும் கம்பி இழுத்திருப்பார்கள். அங்கே சுவர்த் துளையே போதும்.

அன்டெனாவை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

புக்கிட் பாத்தோக் பக்கம். ஒளிபரப்புக் கோபுரம் அந்தக் குன்றின்மேல்தான் நிற்கிறது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் போர்க்கைதிகளைக் கொண்டு கட்டிய 120 படிகள் அங்கே இன்னும் இருக்கின்றன. அவற்றின் உச்சியில் அப்போது இருந்த நினைவுச்சின்னம் போய், இன்று கோபுரம் நிற்கிறது.

பிடோக், தெம்பனிஸ் வாசிகளுக்கு அது மேற்கே. செங்காங், பொங்கோலுக்கும் மேற்குதான், கொஞ்சம் தெற்கே சாய்ந்து. உட்லண்ட்சுக்குத் தெற்கு. புக்கிட் மேராவுக்கு வடமேற்கு. ஜூரோங் வெஸ்ட்டில் இருப்பவர்கள் கிழக்கே திரும்ப வேண்டும். தோ பாயோவுக்கு மேற்கு.

ஆனால் பெரியம்மா வீட்டு ஜன்னல் கிழக்கே பார்த்தது. மேற்கே இரண்டு அறைகளும் பக்கத்து வீடும் இருக்கின்றன, எல்லாம் இரும்புக்கம்பி கோத்த காங்கிரீட். பின் அங்கே படம் எப்படி வருகிறது? எதிர்ப் புளோக்கின் சுவரில் மோதித் திரும்பும் அலையில் வருகிறது. அனலாக் காலத்தில் இப்படித் திரும்பி வரும் அலை படத்தில் இரட்டை உருவத்தை, ‘பேய்’ நிழலை உண்டாக்கும். இப்போதைய டிவிபி-டி2 முறை, கொஞ்சம் தாமதித்து வரும் எதிரொலியையும் ஏற்றுக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. ஆகவே ஜன்னல் தவறான பக்கம் இருக்கிறதே என்று கைவிட்டுவிடாதீர்கள். முதலில் கோபுரத் திசைக்குத் திருப்பிப் பாருங்கள். சரிப்படவில்லையென்றால், ஜன்னலுக்கு வெளியே எதிரில் தெரியும் பெரிய கட்டடத்தைக் குறிவைத்துத் திருப்புங்கள்.

எவ்வளவு திருப்பினாலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. முறையாகச் சரிசெய்வது எப்படி?

அவசரம்தான் இங்கே முதல் எதிரி. அனலாக் படம் கையை அசைத்தால் உடனே அசைந்தது. கொசு பறந்தால் இன்னும் திருப்பு, தெளிந்தால் நிறுத்து என்று கண்ணாலேயே சரிசெய்தோம். மின்னிலக்கப் படம் அப்படியல்ல. கிடைத்த அலையைப் பெட்டி வாங்கி, பிரித்து, படமாக்க ஓரிரு நொடி எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அதற்குள் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறீர்கள். நல்ல இடத்தைத் தாண்டிப் போனதே தெரியாது. ஒவ்வொரு முறை நகர்த்தியபின்னும் மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள்.

படத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டாம், எண்ணைப் பார்த்துச் செய்யுங்கள். பெட்டியின் பட்டியலில் ‘சிக்னல்’ அல்லது ‘ஒளிவழித் தகவல்’ என்ற பகுதி இருக்கும். அதில் இரண்டு பட்டைகள்: ஒன்று வலிமை, ஒன்று தரம். நீங்கள் பார்க்க வேண்டியது தரத்தை. வலிமை என்பது எவ்வளவு சத்தம் காதில் விழுகிறது என்பது. தரம் என்பது அந்தச் சத்தத்தில் பேச்சு புரிகிறதா என்பது. வலிமை நிரம்பி வழிந்தும் தரம் குறைவாக இருந்தால் படம் உடையத்தான் செய்யும். அதோடு, மின்னிலக்க ஒளிபரப்பு சிறிது சிறிதாக மங்காது. ஓர் அளவு வரை பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே இறங்கினால் மொத்தமாக இல்லாமல் போகும். படம் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் விட்ட இடம் அந்த விளிம்பிலேயே இருக்கலாம். மின்விசிறி போட்டதும் போய்விடும். எனவே படம் வந்துவிட்டது என்று நிறுத்தாமல், தரப் பட்டை மிக உயரும் இடம்வரை தேடுங்கள்.

எவ்வளவு தூரம் நகர்த்துவது? ஒரு சாண்கூட அதிகம். இந்த அலைகளின் நீளம் ஏறக்குறைய அரை மீட்டர். அறைக்குள் நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் கலந்து, ஓரிடத்தில் ஒன்றையொன்று தூக்கிவிடும், அரைச் சாண் தள்ளி ஒன்றையொன்று அடித்துவிடும். ஆகவே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டராக நகர்த்துங்கள். படுக்கவைத்தும் பாருங்கள், நிமிர்த்தியும் பாருங்கள். கையை எடுத்துவிட்டுப் பாருங்கள், உங்கள் உடம்பும் அலையை மறிக்கும். அன்டெனாவும் ஜன்னல் இரும்புக் கிராதியும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வெயில் தடுக்க உலோகப் பூச்சுத் தாள் ஒட்டிய கண்ணாடி என்றால், தாள் ஒட்டாத வேறு ஜன்னலைத் தேடுங்கள்.

நல்ல இடம் கிடைத்ததும் அடையாளம் போட்டுவிடுங்கள். பெரியம்மா வீட்டு ஜன்னல் திண்டில் அன்டெனாவின் காலைச் சுற்றி நாலு துண்டு சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அடுத்த பண்டிகைக்குத் துடைத்தாலும் திரும்ப அங்கேயே வைத்துவிடலாம்.

மற்ற ஒளிவழிகள் வரும்போது ஒன்று மட்டும் ஏன் போகிறது?

ஆறு ஒளிவழிகளும் ஒரே அலைவரிசையில் வருவதில்லை. தொகுப்புகளாகப் பிரிந்து வெவ்வேறு அலைவரிசைகளில் வருகின்றன. நீங்கள் அன்டெனாவை வைத்த இடம் ஓர் அலைவரிசைக்கு மேடாகவும் இன்னொன்றுக்குப் பள்ளமாகவும் அமைந்துவிடும். வசந்தத்துக்குப் பள்ளமானால் வசந்தம் மட்டும் போகும். அதனால் எந்த ஒளிவழி தகராறு செய்கிறதோ, அதை வைத்துக்கொண்டே இடத்தைத் தேடுங்கள். தேடி முடித்ததும் மற்றவற்றையும் ஒரு சுற்று பாருங்கள்.

ஒளிவழியின் பெயரே பட்டியலில் இல்லையென்றால் அது வேறு கதை. அன்டெனாவை நல்ல இடத்தில் வைத்தபின், தானியங்கித் தேடலை மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள். மோசமான இடத்தில் வைத்துத் தேடினால், இருந்ததும் அழிந்துவிடும்.

பூஸ்டர் உள்ள பெரிய அன்டெனா வாங்கினால் தொல்லை தீருமா?

பலர் வீணாகக் காசு செலவழிப்பது இங்கேதான். கோபுரத்திலிருந்து எங்கும் வெகு தூரம் இல்லாத தீவு இது. வீட்டுக்குள் வரும் சிக்கல் பெரும்பாலும் தூரத்தால் வருவதல்ல, சுவராலும் எதிரொலியாலும் வருவது. பூஸ்டர் நல்லதையும் கெட்டதையும் சேர்த்துத்தான் பெருக்கும். கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அளவுக்கு மீறிப் பெருக்கி, பெட்டியைத் திணறடித்து இருந்த படத்தையும் கெடுக்கும்.

ஏற்கெனவே பூஸ்டர் உள்ள அன்டெனா வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சோதியுங்கள். அதற்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். சிலவற்றுக்கு யுஎஸ்பி கம்பி வழியாக வரும், சிலவற்றுக்குப் பெட்டியே அன்டெனாக் கம்பி வழியாக அனுப்பும். பின்சொன்ன வகைக்கு, பெட்டியின் பட்டியலில் ‘அன்டெனா பவர்’ என்பதை இயக்கியிருக்க வேண்டும். பெட்டியைப் புதிதாகப் பொருத்தும்போதோ, ஆரம்ப நிலைக்கு மாற்றும்போதோ அது அணைந்துவிடும். மின்சாரம் இல்லாத பூஸ்டர் சும்மா இருக்காது, வரும் அலையையும் மறித்துக்கொண்டு நிற்கும். ‘நேற்றுவரை வந்தது, இன்று எதுவுமே இல்லை’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மழை பெய்தால் படம் போகிறது. மழைதான் காரணமா?

செயற்கைக்கோள் அலைகளுக்கு மழை பகை. அவற்றின் நீளம் மிகச் சிறியது. அரை மீட்டர் நீள அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. மழை வந்ததும் நாம் செய்யும் காரியத்தைக் கவனியுங்கள். ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறோம், சாத்துவதற்காக அன்டெனாவை நகர்த்துகிறோம். ஜன்னலைச் சாத்திய நிலையிலேயே அன்டெனாவுக்கு இடம் பாருங்கள். மழைக்கும் வெயிலுக்கும் அது பொதுவாக இருக்கும்.

கம்பியில் என்ன பார்க்க வேண்டும்?

முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒற்றைச் செம்புக் கம்பி நேராக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள சல்லடைக் கம்பியில் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் அலை அங்கேயே முடிந்துவிடும். கம்பியைக் கதவிடுக்கில் நசுக்காதீர்கள், சதுரமாக மடித்து டேப் சுற்றாதீர்கள்.

ஜன்னலுக்கு வெளியே கட்டலாமா?

வேண்டாம். வீவக கட்டடத்தின் வெளிச்சுவரில் அனுமதியில்லாமல் எதையும் பொருத்தக் கூடாது. கீழே நடப்பவர் தலைமேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

உட்லண்ட்சில் தேடலை ஓட்டினால் மலேசிய ஒளிவழிகள் வருகின்றனவே?

மலேசியாவும் டிவிபி-டி2 முறையையே பயன்படுத்துகிறது. ஜோகூரின் அலை நீரிணையைத் தாண்டி வருவதில் வியப்பில்லை. அந்தக் கலவையில் நம்முடையது பட்டியலின் அடியில் ஒளிந்திருக்கலாம். பெட்டியின் அமைப்பில் நாடு ‘சிங்கப்பூர்’ என்றிருக்கிறதா பார்த்துவிட்டு மறுபடி தேடுங்கள். ஜோகூர் பாருவில் வாங்கிய பெட்டி டிவிபி-டி2 உள்ளதென்றால் இங்கேயும் வேலை செய்யும்.

ஓர் அன்டெனாவை இரண்டு தொலைக்காட்சிக்குப் பிரிக்கலாமா? பழைய குண்டுப் பெட்டிக்கு வழி உண்டா?

பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே போகும். அறைக்கொரு சிறிய அன்டெனா நல்லது. பழைய பெட்டிக்கு, மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் உள்ள செட்-டாப் பெட்டி ஒன்றை இணைத்தால் போதும்.

எல்லாம் மீவாட்ச் செயலியில் வருகிறதே, அன்டெனா எதற்கு?

இணையம் உள்ள வீட்டில், கைப்பேசி பழகியவருக்கு அது நல்ல வசதி. ஆனால் தனியாக இருக்கும் பல மூத்தவர்கள் வீட்டில் இணைய இணைப்பே இல்லை. இருந்தாலும் கடவுச்சொல், புதுப்பிப்பு, ‘மீண்டும் உள்நுழையவும்’ என்று திரை கேட்கும் கேள்விகள் அவர்களை மிரட்டிவிடுகின்றன. 2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழியானபோது பெரியம்மா தொலைவியக்கியில் அதன் எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார். பெட்டி மாறி எண் மாறியபின், புதிய எண்ணைத் தொலைவியக்கியின் முதுகில் பேனாவால் எழுதி ஒட்டிக்கொடுத்தேன். காலையில் கண்ணாடி போடாமலே விரலால் தடவி அந்தப் பொத்தானை அமுக்குகிறார்.