கரும்பலகையும் கைபேசியும்

கல்லூரி மாணவன் ஒருவன் வீட்டில் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, "பாடம் படிக்கிறேன்" என்று கூறினால் அதை நம்பத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அவர்களைக் குறைகூற இயலாது. ஆயினும் இன்று கல்லூரிப் பாடத்தில் ஒரு பகுதி உண்மையிலேயே அக்கருவியின் வழியாகத்தான் வருகிறது. இணையவழிப் பாடத்தையும் வகுப்பறைப் பாடத்தையும் இணைத்துக் கற்பிக்கும் இம்முறையைக் கலப்புமுறைக் கல்வி என்கின்றனர். இதன் நன்மை எது, ஆபத்து எது என்பதைக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

இது முற்றிலும் புதியது அன்று. திண்டுக்கல் மதுரை மாவட்டத்தோடு இணைந்திருந்த நாளில், 1971-ஆம் ஆண்டிலேயே மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. பணியிலிருந்தோர் பலர் வீட்டிலிருந்தே பட்டம் பெற அது வழி திறந்தது. பாடநூல் அஞ்சலில் வந்தது. ஐயம் தீர்க்க விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்புகள் நடந்தன. பின்னர் 1984-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன் வழியாகக் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. 2017-ஆம் ஆண்டு நடுவண் அரசின் 'சுவயம்' என்னும் இணையக் கல்வித் தளம் தோன்றியது. ஊடகம் மாறிற்று, ஆசிரியரின் தேவை மாறவில்லை.

பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது, விரும்பியோ விரும்பாமலோ எல்லாரும் இணையத்திற்குச் சென்றோம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர் ஏறத்தாழ 9.69 இலட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத் தரவு இலவசமாக வழங்கப்படும் எனத் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணைய வழியிலும் எஞ்சியதை நேரிலும் கற்பிக்கலாம் என்னும் கருத்துருவை மானியக் குழு வெளியிட்டது. நெருக்கடிக்காக ஏற்ற முறை, நிலையான முறையாகும் வாயில் அவ்வாறு திறந்தது.

எந்தப் பகுதியை எங்கே கற்பிப்பது? இதுவே தலையாய வினா. வணிகவியல் மாணவி ஐந்தொகை தயாரிக்கும் முறையைப் பதிவு செய்த பாடத்தில் மும்முறை கேட்கலாம். புரியாத இடத்தில் நிறுத்தலாம். நாற்பது பேர் நடுவே எழுந்து, "ஐயா, மீண்டும் சொல்லுங்கள்" என்று கேட்கக் கூசும் பிள்ளைக்கு இது பெரும்பேறு. ஆனால் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு துளியால் கரைசல் இளஞ்சிவப்பாகும் கணத்தைக் கண்டு குழாயை மூடும் பயிற்சி, கண்ணுக்கும் கைக்கும் உரியது. படத்தில் பார்த்தவருக்கு அது தெரியும்; செய்தவருக்கே அது வரும். ஆகவே கேட்டு அறிவதை வீட்டிற்கும், செய்து பழகுவதையும் வினவித் தெளிவதையும் வகுப்பிற்கும் ஒதுக்குவதே முறையான பங்கீடு.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பில் பாடங்கள் இணையத்தில் நடைபெறுகின்றன. முக்கியத் தேர்வுகளையோ மாணவர் மையங்களுக்கு நேரில் சென்றே எழுத வேண்டும். அமெரிக்கக் கல்வித்துறை 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டும் கலந்த முறையில் கற்றோர் வகுப்பறையில் மட்டும் கற்றோரைவிடச் சராசரியாகச் சற்று மேலாக இருந்தனர். ஆனால் அவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன என்பதையும் அவ்வறிக்கை எச்சரித்தது. நன்மை கருவியால் மட்டும் விளைந்ததன்று, உழைப்பால் விளைந்தது.

நம் பகுதிக்கு வருவோம். நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வரும் மாணவியருள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறியோர் உண்டு. வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும். அந்தி வேளையில் அது வீடு திரும்பும்போது, அவளுக்கோ அடுப்படியில் வேலை காத்திருக்கும். மகன் திண்ணையில் அமர்ந்து பாடம் கேட்க, மகள் பாத்திரம் துலக்குவாளாயின், ஒரே பாடம் இருவருக்கும் ஒன்றாகாது. கல்லூரி வகுப்பறையில் அவளுக்கென ஓர் இருக்கையாவது இருந்தது. வீட்டில் அந்த இருக்கையை நாம்தான் போட்டுத் தர வேண்டும்.

சின்னாளபட்டி அருகே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் நமக்கு அண்மையிலேயே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1956-இல் அங்குத் தோன்றி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிராமியக் கல்வி நிறுவனம், ஊர்மக்களிடையே சென்று பணியாற்றுவதையும் கல்வியின் ஒரு கூறாகக் கொண்டது. மக்களோடு பழகிப் பெறும் அந்த அறிவை எந்தத் திரையும் தர இயலாது.

எனவே கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பதிவுப் பாடங்களைத் தரவிறக்கிக் கொள்ளும் வகையில் தாருங்கள், வீட்டில் வசதியற்றோருக்காகக் கணினி அறையை மாலையிலும் திறந்து வையுங்கள். இணையப் பாடம் வந்துவிட்டதென்று ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். மாணவரின் ஏட்டைத் திருத்தவும் முகவாட்டம் கண்டு காரணம் கேட்கவும் ஆசிரியரே வேண்டும்.

பெற்றோரே, நாள்தோறும் ஒரு மணி நேரம் கைபேசியையும், வீட்டில் அமைதியான ஒரு மூலையையும், வேலையிலிருந்து விடுப்பையும் உங்கள் மகளுக்கும் அளியுங்கள். "என்ன பார்க்கிறாய்?" என்று ஐயுற்றுக் கேட்பதை விட, "இன்று என்ன கற்றாய்? எனக்கும் சொல்" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அவள் கற்றிருக்கிறாள். தடுமாறினால், மறுநாள் வகுப்பில் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய வினா அவளுக்குக் கிடைத்துவிட்டது.