நான்கு சக்கர இழுவை டிராக்டருக்கு டயர் மாற்றுதல்

பெரம்பலூர் ஜில்லாவின் கரிசல் நிலம் புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பின் எப்படி இருக்கும் என்பதை மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் குடியானவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டிராக்டர் அச்சேற்றில் இறங்கினால் சுழன்று சுழன்று தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். இக்காரணம் பற்றியே முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் டிராக்டர்களை இரு ஜில்லாக்களிலும் பலர் வாங்கியுள்ளனர். அவற்றின் டயர்களை மாற்றும்போது பழைய டிராக்டரின் வழக்கத்தையே பின்பற்றுவதால் நேரும் நஷ்டத்தைப்பற்றி இங்கு எழுத முன்வந்தேன்.

முதலில் என் பிழையையே கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கரிசல் கிராமம் ஒன்றில், ஒரு மிராசுதார் தமது டிராக்டரின் நான்கு டயர்களும் தேய்ந்திருப்பதைக் காட்டி யோசனை கேட்டார். விதைப்பு நெருங்கிவிட்டது; கையில் பணம் குறைவு. "பின் டயர் இரண்டை மட்டும் இப்போது போடுங்கள், முன் டயர் அடுத்த போகத்துக்கு ஆகட்டும்" என்று நான் சொன்னேன். அவரும் அவ்வாறே செய்து, முன் இழுவையையும் எப்போதும்போல் பூட்டியே ஓட்டிவந்தார். அந்தப் போகம் முடியுமுன்பே முன் அச்சின் பற்சக்கரம் உடைந்தது. பழுது பார்த்த செலவு முன் டயர்கள் இரண்டின் விலையைக் காட்டிலும் அதிகமாயிற்று. அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆயினும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை.

காரணம் இதுதான். முன் சக்கரம் சிறியது, பின் சக்கரம் பெரியது. இரண்டையும் பற்சக்கரங்கள் ஒரே கணக்கில் பிணைத்துள்ளன. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட நூற்றுக்கு 1 முதல் 5 பங்கு வரை முந்தி ஓடும்படி இக்கணக்கு சாதாரணமாய் அமைந்திருக்கும். அந்தச் சிறு முந்துதலே முன் சக்கரத்தை இழுக்கச் செய்கிறது. டயரின் 'பட்டன்' ஓர் அங்குலம் தேய்ந்தால் சுற்றளவு கணக்குப்படி ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல் குறையும். சுமார் 13 அடி சுற்றளவுள்ள பின் டயரில் இது நூற்றுக்கு நான்கு. நான்கு டயரும் ஒருங்கே தேய்ந்தால் விகிதம் பெரிதும் கெடாது. பின் டயரை மட்டும் புதிதாக்கினால், முந்த வேண்டிய முன் சக்கரம் பின்தங்கி, இழுப்பதற்குப் பதிலாகத் தடை போடும். முறுக்கு முழுவதும் பற்சக்கரங்களின்மேல் விழும். முன் டயரை மட்டும் மாற்றினாலோ முந்துதல் மிகுந்து, அப்புது டயர்களே விரைவில் தேயும்.

இதை வீட்டிலேயே அளந்தறியலாம். நான்கு டயர்களிலும் குறித்த அளவு காற்று இருக்கட்டும். முன், பின் டயர்களில் சுண்ணாம்புக் கோடு இடுங்கள். சமமான கெட்டித் தரையில் முன் இழுவையை நீக்கி, பின் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றுவதற்குள் முன் சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பிறகு புழுதிக்காட்டில் இழுவையைப் பூட்டி அவ்வாறே எண்ணுங்கள். முன்னது 14.20, பின்னது 14.62 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.42, அதை 14.20ஆல் வகுக்க நூற்றுக்கு மூன்று வரும். இது சரியான நிலை. பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தாலும், ஐந்தைத் தாண்டினாலும், அந்த ஜோடியை ஏற்க வேண்டாம்.

ஆகையால் நான்கையும் ஒருசேர வாங்குவதே உத்தமம். பணம் இல்லையெனில், பின் டயர்களை மட்டும் மாற்றி, முன் டயர் வரும்வரை முன் இழுவையைப் பூட்டாது ஓட்டுங்கள். சேற்றில் வேலை தாமதிக்கும், அச்சு பிழைக்கும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதும் இதுவே. 13.6-28 போட்ட சக்கரத்தில், மலிவாகக் கிடைத்தது என்று 14.9-28 ஏற்றுவதும் கூடாது. ஒரே எண் போட்ட டயரிலும் கம்பெனிக்குக் கம்பெனி சுற்றளவு மாறலாம். நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலையே நடக்கும் நமது ஜில்லாவில் டயருக்குப் பஞ்சமில்லை. கடையில் அளவுநாடா பிடித்துப் பார்ப்பவரைத்தான் காணோம். ரீட்ரெடிங் செய்த டயரையும் அளந்த பின்பே ஏற்றுக.

மாற்றும் நாளில், கரிசல் தரையில் ஜாக்கி புதையுமாதலால் கனத்த பலகையை அடியில் வையுங்கள். பின்புறம் தூக்குகையில் முன் அச்சு ஆடாதபடி இருபுறமும் ஆப்பு இறுக்குங்கள். எடைக்காக டயரில் நீர் நிரப்பியிருந்தால் முதலில் வடித்துவிடுங்கள். பக்கவாட்டிலுள்ள அம்புக்குறி முன்னோக்கி ஓடும் திசையைக் காட்ட வேண்டும். பட்டனின் கூர்முனையே முதலில் மண்ணைத் தொடும். டயர் விளிம்பு ரிம்மில் அமராவிட்டால் சோப்புநீர் தடவுங்கள்; 35 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் காற்றேற்றித் தள்ள முயல வேண்டாம். டயர் வெடித்தால் அருகில் நிற்பவர் உயிர் தப்புவது அரிது.

அரியலூர் ஜில்லாவில் கீழப்பழூர், திருமானூர்ப் பக்கத்துக் கரும்பு ஆலைக்கு ஏறும் காலத்தில், டிரெய்லர் பூட்டிய டிராக்டர்கள் தார் ரஸ்தாவில் நெடுந்தூரம் ஓடுகின்றன. அங்கே முன் இழுவையைக் கட்டாயம் நீக்கிவிட வேண்டும். மண்ணில் சக்கரம் சிறிது வழுக்கி முறுக்கு இறங்கிவிடும்; தாரில் இறங்க வழியில்லை. சிமெண்டு ஆலை லாரிகளால் சிதறும் சுண்ணாம்புக்கல் ஜல்லியும் டயரைக் கீறும். வாரம் ஒருமுறை பட்டன்களுக்கிடையே சிக்கிய கல்லை எடுத்துவிடுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்தின் வாடகை டிராக்டர்களைக் கவனிக்கும் கிராம உத்தியோகஸ்தர்கள், ஒவ்வொரு டயரும் ஏற்றிய தேதியையும் அன்றைய மணிக்கணக்கையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், வண்டி கைமாறும்போது தகராறு குறையும். வேண்டுவோர் வண்டியை ஓட்டிக்கொண்டு எமது பண்ணைக்கு வரலாம்; பத்துச் சுற்று எண்ண அரைமணி போதும்.