தொலைவிலிருந்து கணினியை ஆளுதல்

சித்தூரிலிருந்து பெங்களூருக்குப் பேருந்தில் செல்வோர் பலமனேர், முளபாகல், கோலார் ஆகிய ஊர்களைக் கடந்து ஹொசக்கோட்டையை அடைவர். அவ்வூருக்கு அருகில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வு வளாகம் ஒன்று உள்ளது. அங்கே கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கும் ஆய்வாளர், இரவில் விண்மீன் ஒன்றை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்புகிறார். அத்தொலைநோக்கியோ அவ்வளாகத்தில் இல்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், லடாக்கில் ஹான்லே என்னும் இடத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரமுள்ள மலையின்மீது அது நிற்கிறது.

இரண்டு மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட அதன் பெயர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. ஹான்லேயின் வானம் தெளிவானது. காற்றில் ஈரம் மிகக் குறைவு. ஆகவே விண்ணை ஆராய்வதற்கு அது ஏற்ற இடம். ஆயினும் காற்று மெலிந்து, கடுங்குளிர் நிலவும் அவ்விடத்தில் ஒவ்வோர் ஆய்வாளரும் சென்று தங்குதல் எளிதன்று. எனவே 2001ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக ஹொசக்கோட்டையிலிருந்தே அத்தொலைநோக்கி இயக்கப்படுகிறது.

இணைப்பு இயங்கும் முறை

தொலைவிலுள்ள கணினியை ஆளுவதற்கு இரு கணினிகள் தேவை. ஒன்று நம் முன் இருப்பது. மற்றொன்று பணியைச் செய்வது. நாம் விசைப்பலகையில் அழுத்தும் எழுத்துகளும் சுட்டியின் அசைவுகளும் செய்திகளாக மாறி, தொலைவிலுள்ள கணினியைச் சென்றடைகின்றன. அக்கணினி அவற்றைத் தன் முன் அமர்ந்த ஒருவர் இட்ட கட்டளைகளாகவே ஏற்றுச் செயற்படுகிறது. பின்னர்த் தன் விடையையோ திரையின் படத்தையோ நமக்கு அனுப்புகிறது.

இச்செய்திகள் செல்லச் சிறிது நேரம் ஆகும். புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. கட்டளை மேலே சென்று கீழே இறங்கக் கால் நொடி ஆகும். விடை திரும்பி வர மேலும் கால் நொடி ஆகும். விண்மீனைப் பார்ப்பவருக்கு அந்த அரை நொடி ஒரு பொருட்டன்று.

கதவும் திறவுகோலும்

இங்கே ஒரு வினா எழுகிறது. கட்டளையிடுபவர் யார் என்பதைத் தொலைவிலுள்ள கணினி எவ்வாறு அறியும்? அதற்கு முகம் தெரியாது, குரல் தெரியாது. கடவுச்சொல் சரியாக இருந்தால் உள்ளே விடும். முற்காலத்தில் அக்கடவுச்சொல் எவ்வித மறைப்புமின்றி வலையமைப்பில் பயணம் செய்தது. வழியில் ஒட்டுக்கேட்பவர் அதனை எளிதில் படித்துவிடலாம். பின்லாந்திலுள்ள ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அவ்வாறு கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதனைக் கண்ட ஆய்வாளர் டாட்டு யுலோனன், செய்தி முழுவதையும் மறைகுறியாக மாற்றி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை 1995ஆம் ஆண்டு உருவாக்கினார். இன்றும் உலகெங்கும் கணினி வல்லுநர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

ஆனால் எத்துணை வலிய பூட்டாயினும், உரியவரே திறவுகோலைக் கொடுத்துவிட்டால் பயன் இல்லை. முதியவர் ஒருவரின் கைப்பேசி ஒலிக்கிறது எனக் கொள்வோம். "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கு முடங்கப் போகிறது, இந்தச் செயலியை நிறுவி, அதில் தோன்றும் எண்ணைச் சொல்லுங்கள்" என்கிறது ஒரு குரல். அவர் எண்ணைச் சொல்லி, செயலி கேட்கும் இசைவையும் அளித்த மறுகணமே அவரது திரை அயலாருக்குத் தெரியத் தொடங்குகிறது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் அவர்கள் படித்துவிடுகின்றனர். இத்தகைய மோசடி குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிலேயே வங்கிகளை எச்சரித்தது.

மாணவர்களே, உங்களுள் பலருடைய தாத்தாவும் பாட்டியும் குடியாத்தத்திலோ வேலூரிலோ இருக்கலாம். அவர்களுடைய கைப்பேசியில் ஒரு சிக்கல் என்றால், இங்கிருந்தே நீங்கள் தீர்த்து வைக்கலாம், அது நற்பணியே. அப்போது மூன்றினை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். தாமே அழைத்து உதவி கேட்டவருக்கு மட்டுமே இணைப்பைத் திறக்க வேண்டும். இணைப்பு உள்ளவரை வங்கிச் செயலியைத் திறத்தல் கூடாது. பணி முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துச் செயலியை நீக்கிவிட வேண்டும். ஏமாந்துவிட்டால் நாணி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து அறிவித்தால் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

ஹான்லேயின் தொலைநோக்கி எவர் கையில் இருக்கிறது என்பதை அதன் பொறுப்பாளர்கள் எந்நேரமும் அறிவர். நம் வீட்டுக் கைப்பேசிக்கும் அந்த விழிப்பு வேண்டும்.

பயிற்சி

1. ஹான்லே தொலைநோக்கியைத் தொலைவிலிருந்து இயக்குவதற்கான காரணங்கள் யாவை?
2. எஸ்.எஸ்.எச். முறை தோன்றக் காரணமான நிகழ்ச்சியை எழுதுக.
3. தொலை இணைப்பைப் பற்றி உம் பாட்டிக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரைக.