தீர்ப்பு சொல்லாத மத்தியஸ்தர்

ஹெர்பர்ட் கெல்மன் கூட்டிய சந்திப்புகளில் ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை. கூட்டறிக்கை கிடையாது, நிருபர்கள் கிடையாது, ஒலிப்பதிவும் கிடையாது. இஸ்ரேலியர் நாலைந்து பேர், பாலஸ்தீனர் அதே அளவு, கூடவே சில பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும். ஒரு வார இறுதி முழுக்கப் பேசுவார்கள். யார் என்ன சொன்னார் என்பது மட்டும் வெளியே போகக் கூடாது. ஹார்வர்டில் சமூக உளவியல் பேராசிரியராக இருந்த கெல்மன், 1970களில் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையை விடாமல் செய்தார்.

அவர் பிறந்தது 1927இல், வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில். ஹிட்லரின் படை அந்த நகரத்துக்குள் நுழைந்தபோது அவருக்குப் பதினொரு வயது நிறையச் சில நாட்கள் இருந்தன. குடும்பம் பெல்ஜியத்துக்குத் தப்பி, 1940இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அதை ஒட்டிய ஆண்டுகளில், பால்டிமோரில் கறுப்பினத்தவருக்கு இடம் மறுத்த உணவகங்களை எதிர்த்துப் போராடியவர்களில் அவரும் ஒருவர்.

ஒருவர் இன்னொருவர் சொல்வதை ஏற்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? இதுதான் கெல்மனை வாழ்நாள் முழுவதும் விடாத கேள்வி. 1958இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையில் அவர் அதை மூன்றாகப் பிரித்தார். முதலாவது, பயந்தோ பலனை எதிர்பார்த்தோ பணிவது. மேலே ஒருவர் கண்காணித்துக்கொண்டிருக்கும் வரைதான் அது நிற்கும். இரண்டாவது, உறவு கருதி ஒத்துப்போவது. உறவு இருக்கும்வரை அதுவும் இருக்கும். மூன்றாவது, தன் சொந்த மதிப்பீடுகளோடு பொருந்துவதால் உள்ளபடியே ஏற்பது. எந்தச் சமாதான உடன்படிக்கையைப் படித்தாலும், கையெழுத்திட்டவர்கள் இதில் எந்த வகை என்று நமக்கும் கேட்கத் தோன்றும்.

பணிவின் கொடூர முகத்தையும் அவர் ஆராய்ந்தார். வியட்நாமின் மை லாய் கிராமத்தில் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் 1971இல் அமெரிக்கப் படையின் லெப்டினன்ட் கேலிக்குத் தண்டனை கிடைத்ததும், அமெரிக்கர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார். மேலிடம் உத்தரவிட்டால் அப்படிப்பட்ட கிராமத்து மக்களைச் சுடுவோம் என்று 51 விழுக்காட்டினர் சொன்னார்கள். வியன்னாவில் தான் பார்த்தது ஜெர்மானிய மொழிக்காரர்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை என்பதற்கு அவருக்கு வேறு சான்று தேவைப்பட்டிருக்காது.

  

இஸ்ரேலிய-பாலஸ்தீனச் சந்திப்புகளின் வித்து ஆஸ்திரேலியாவின் முன்னாள் ராஜதந்திரி ஜான் பர்ட்டனுடையது. 1966இல் லண்டனில் சைப்ரஸ் தொடர்பாகப் பர்ட்டன் நடத்திய சந்திப்பில் கெல்மனும் உட்கார்ந்திருந்தார். பிறகு அதைத் தன் உளவியலோடு சேர்த்து வளர்த்தெடுத்தார். நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு நேர்மாறான முறை இது. யார் பக்கம் நியாயம் என்று நடுவில் இருப்பவர் சொல்ல மாட்டார், தீர்வையும் முன்வைக்க மாட்டார். முதலில் ஒவ்வொரு தரப்பும் தன் தேவைகளையும் அச்சங்களையும் சொல்லும். அதை எதிர்த்தரப்பு விளங்கிக்கொண்ட பிறகே தீர்வுப் பேச்சு. இரண்டு பக்க அச்சங்களுக்கும் பதில் சொல்கிற யோசனைதான் அங்கே யோசனை. அதன்பின், ஊரில் இதை ஏற்கவிடாமல் தடுப்பது எது என்று சேர்ந்தே அலசுவார்கள்.

அழைக்கப்பட்டவர்கள் பதவியில் இருந்த அதிகாரிகள் அல்லர். அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், ஓய்வுபெற்ற படைத்தலைவர்கள், ஆய்வாளர்கள் என, அரசு காது கொடுக்கும் இடத்தில் இருந்தவர்கள். பதவி இல்லாததால் துணிந்து யோசிக்கலாம், செல்வாக்கு இருப்பதால் யோசித்ததை ஊருக்குக் கொண்டுபோகலாம் என்பது கணக்கு. ஊர் திரும்பியதும் துரோகி என்ற பட்டமும் விழக்கூடும். அந்த அபாயத்தையும் கெல்மன் கணக்கில் வைத்திருந்தார்.

1990இல், இஸ்ரேலியக் குடியுரிமை கொண்ட பாலஸ்தீன அறிஞர் நதீம் ரூஹானாவுடன் சேர்ந்து, ஒரே குழு திரும்பத் திரும்பக் கூடும் தொடர் சந்திப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு இரு தரப்புக்கும் இடையே அதிகாரபூர்வப் பேச்சு தொடங்கியபோது, அதில் முதலில் இருந்த ஆறு பாலஸ்தீனரில் நால்வர் பேச்சுக்குழுவில் இடம்பெற்றார்கள். 1992இல் இஸ்ரேலில் ராபின் ஆட்சிக்கு வந்ததும் இஸ்ரேலிய உறுப்பினர்கள் சிலருக்கும் உயர் பொறுப்புகள் கிடைத்தன. 1993 செப்டம்பரில் இரு தரப்புக்கும் இடையே ஆஸ்லோ உடன்படிக்கை கையெழுத்தானது. அதற்குக் காரணம் தாங்களே என்று கெல்மன் மார்தட்டவில்லை. பேசத் தெரிந்த ஆட்களையும் சில யோசனைகளையும் முன்கூட்டியே ஆயத்தப்படுத்தினோம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். அளந்து சொன்ன அந்த உரிமைகோரல் சரியானதாகவே எனக்குப் படுகிறது. ஹார்வர்டில் அவர் நடத்திய திட்டத்தைச் சேர்ந்தவர்கள் இலங்கைப் பிரச்சினையிலும் இதே முறையை முயன்றார்கள்.

ஆஸ்லோ தந்த சமாதான நம்பிக்கை நிலைக்கவில்லை. கெல்மன் முறைக்கு எதிரான கூர்மையான விமர்சனம், அவரோடு சேர்ந்து குழுவை நடத்திய ரூஹானாவிடமிருந்தே வந்தது.  அறைக்குள் இரு தரப்பையும் சமமாக உட்காரவைத்தால் வெளியே ஒருவர் ஆள்பவர், மற்றவர் ஆளப்படுபவர் என்ற உண்மை மறைந்துபோகிறது, நடந்த அநீதியை ஒப்புக்கொள்ளாமல் நல்லிணக்கம் வராது என்று எழுதினார்.

கெல்மனும் பிற்காலக் கட்டுரைகளில் தன் பழைய மூன்று வகைகளுக்குத் திரும்பினார். அதிகாரத்தால் முடித்துவைக்கும் உடன்பாடு முதல் வகை. தன் சந்திப்புகள் தேடிய மோதல் தீர்வை, உறவில் நிற்கும் இரண்டாம் வகையில்தான் அவரே வைத்தார். நல்லிணக்கம் மூன்றாவது. எதிரியை மறுப்பது தன் அடையாளத்தின் பகுதியாக இருந்தால், அந்தப் பகுதியை ஒவ்வொரு தரப்பும் கைவிட வேண்டும் என்றார். ஆளும் தரப்பு அதை ஏன் முதலில் கைவிட வேண்டும் என்ற இடத்தில் ரூஹானாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. கெல்மன் 2022 மார்ச்சில், தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார். பிறந்த ஊரான வியன்னாவில் அவர் பெயரில் இயங்கிய நிறுவனம், இந்த முறையை வேறு மோதல்களுக்கும் எடுத்துச் சென்றது.