கதையா, கட்டுரையா?

எழுமலைப் பக்கம் எழுதத் தொடங்கும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது: தெருவில் நடந்ததைக் கதையாக அனுப்புவதா, கட்டுரையாக அனுப்புவதா?

இங்கிருந்து தெற்கே, வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் ஒரே வீட்டில் இரண்டு விடைகள் பிறந்தன. பாமா தன் வாழ்வைத் தன்வரலாறாகவே ‘கருக்கு’ என்று எழுதினார். 1992இல் அதை வெளியிட்டது பெரிய பதிப்பகம் அல்ல. மதுரையின் சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். ஊராரின் கோபத்தால் பல மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. அண்ணன் ராஜ் கௌதமன் தன் வாழ்வையே ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்று நாவலாக்கினார்; 2002இல் தமிழினி வெளியிட்டது. இரண்டும் இன்றும் வாசிக்கப்படுகின்றன.

கட்டுரை என்றால் பத்திரிகை ஆசிரியர் தேதி, இடம், ஆதாரம் கேட்பார். வழக்கு இருந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகல் வேண்டும். எதிர்த்தரப்பின் பதிலும் வேண்டும். கதைக்கு இவை தேவையில்லை, பெயரை மாற்றலாம். ஆனால், ‘கற்பனைதானே’ என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். சுடுகாட்டுப் பாதை இன்றும் அடைபட்டிருந்தால் கட்டுரை எழுதுங்கள். அதிகாரிகள் பதில் சொல்லட்டும். பாட்டி பட்ட அவமானத்துக்கு ஆவணம் ஏது? அதைக் கதையாக்குங்கள். எதை எழுதினாலும், மறுநாளும் அதே தெருவில் குடியிருக்க வேண்டியவரின் சம்மதத்தை முதலில் கேளுங்கள்.